முதலில் யாரைக் கேட்பது?

புதுச்சேரி மூலக்குளத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: கம்பெனிகளுக்கு மனுப் போட்டு அலுத்துவிட்டது, பிரான்சில் இருக்கும் நம்மவர்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதற்கு முன் உள்ளூரில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. உங்கள் வகுப்பை நேரில் பார்த்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். படித்து வேலைக்குப் போன பழைய பிள்ளைகள், கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தந்த வில்லியனூர் சாலைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடம் யார் போய்ப் பேசினால் மறுக்க மாட்டார் என்றும் குறியுங்கள். பெரும்பாலும் அது நீங்களாக இருக்காது. "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று கேட்டால் நூறு ரூபாயோடு முடிந்துவிடும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாத மாலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு ஆகிறது, ஒரு வாரச் செலவை ஏற்பீர்களா என்று கேளுங்கள். கொடுத்தவரிடம் அடுத்த முறை பேசும்போது பணப் பேச்சே வேண்டாம். சிற்றுண்டி நேரத்துக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பிரான்ஸ். புதுச்சேரியில் இது கொஞ்சம் சிக்கலான விஷயம். ஊர் சட்டப்படி இந்தியாவிடம் வந்த 1962 ஒப்படைப்புக்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே பல உண்டு. பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா (சிப்பாய்) தாத்தா ரூபாய் நோட்டாக நீட்டினாலும், அவர் கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படியே. பாரிசில் வேலை பார்த்தும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடாதவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அந்தக் கணக்கில் வராது. தூரத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவென்றால் அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த ஆண்டுகளில் 15 லட்ச ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும்; பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இறங்கும். பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரும் பழைய வழியையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் தெ பிளிக் 1962-ல் இங்கே தொடங்கிய வொலோந்தாரியா என்ற தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் படிப்பை ஐரோப்பியக் குடும்பங்கள் ஏற்கும் முறையில் வளர்ந்தது. அதைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. சிறு மையத்துக்கு இன்றைய சட்டம் அவ்வளவு இடம் தராது என்பதுதான் என் கணிப்பு.

சொல்தா தாத்தாவை அதற்காக விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் பிரெஞ்சு சொல்லித் தரக் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்த இந்தியக் குடியுரிமைக்காரர்களிடம் உங்களை அழைத்துப் போகவும் கேளுங்கள். நோட்டில் பாஸ்போர்ட்டுக்கு ஒரு கட்டம், பான் எண்ணுக்கு ஒரு கட்டம் போடுங்கள். உங்களுக்கு 80ஜி பதிவு இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை ரசீது எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.