முழங்கால் மறுவாழ்வில் இல்லத்தின் பங்கு

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. அந்நகரில் 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியை நாடிக் குமரி மாவட்டத்தாரும் இவ்வழியே வருகின்றனர். முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை பெற்றவர் ஊன்றுகோலுடன் நாள்தோறும் இப்பயணத்தை மேற்கொள்வது அரிது. பயிற்சி தடைப்பட்டாலோ மூட்டு இறுகிவிடும். எனவே, இல்லமே பயிற்சிக்கூடமாதல் வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த எந்திரம் இன்றியமையாததன்று. கனடா நாட்டு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் 1970-களில் வளர்த்த கருத்தின் வழியே, மூட்டைத் தானே அசைக்கும் எந்திரங்கள் தோன்றின. ஆயினும் நோயாளி தாமே முறையாகச் செய்யும் பயிற்சி பெரும்பாலும் போதுமானது. அவரது கால் நீளத்திற்கேற்ற வழவழப்பான பலகையில், காலுறை அணிந்த குதிகாலைத் துண்டினால் மெல்ல இழுத்து முழங்காலை மடக்கலாம். குதிகால் எட்டிய இடத்தைப் பலகையில் குறித்துவந்தால் முன்னேற்றம் புலப்படும். காலை முழுவதும் நீட்டப் பழக, சுருட்டிய துண்டைக் குதிகாலின் கீழ் வைத்தல் வேண்டும். முழங்காலின் கீழ் அன்று.

மடக்கும் அளவையும் தாங்கும் எடையையும் மருத்துவரே வரையறுக்க வேண்டும். பொருத்திய நார் முதல் சில மாதங்களில் வலுக்குறைந்தே இருக்கும். வலி நீங்கியது நார் உரம்பெற்றதற்குச் சான்றாகாது. ஓடியாடும் விளையாட்டுகளுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்களேனும் பொறுத்தல் நன்று. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் தோன்றின் உடனே மருத்துவமனையை அணுகுதல் வேண்டும்.

நோயாளியை வீட்டிற்கு அனுப்பும்போதே, பலகையின் அளவையும் பயிற்சி முறையையும் எழுதித் தருவது மருத்துவமனைகள் எளிதில் ஆற்றக்கூடிய பணியாகும்.