உலையில் 331.4 டிகிரி

தம்பி,

குன்றாண்டார்கோவிலிலிருந்து நீ அனுப்பிய உலை புரோகிராமை நேற்று ராத்திரி முழுக்கப் படித்தேன். பிஎல்சி, பஸ் கப்ளர் எல்லாம் உனக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. பெக்காஃப் கேஎல்3314 தெர்மோகப்பிள் டெர்மினலோடு நீ பேசுகிற அந்த ஒரு பிளாக்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

டெர்மினலிடம் ‘நீ யார்’ என்று கேட்கிறாய். கன்ட்ரோல் பைட்டில் ஹெக்ஸ் 88. ஏழாவது பிட் ரெஜிஸ்டர் பேச்சைத் திறக்கிறது, ஆறாவது பிட் சுழியாக இருப்பதால் வாசிப்பு, மிச்சத்தில் ரெஜிஸ்டர் எண் 8. சரிதான். அதுவும் 3314 என்று பதில் சொல்கிறது. எங்கே வந்து சொல்கிறது? வெப்பநிலை வருகிற அதே இரண்டு பைட்டில்! நீயோ அப்போதும் அதைப் பத்தால் வகுத்து ட்ரெண்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய். உலை ஆறிக் கிடக்கும், திரையில் 331.4 டிகிரி நிற்கும். 9999 வந்தாலாவது ஆபரேட்டர் சந்தேகப்படுவார். ஸ்டேட்டஸ் பைட்டின் ஏழாவது பிட் 1 ஆக இருக்கும்வரை அந்த எண் வெப்பநிலையே இல்லை. ஒரு ஐஎஃப் போட உனக்கு என்ன கஷ்டம்? பாய்லர் ஜாப்பின் சார்ட்டில் இப்படி ஒரு ஊசிமுனை விழுந்தால் இன்ஸ்பெக்டருக்கு நீயா போய்ப் பதில் சொல்வாய்?

இன்னொன்று. பவர் வரும்போதெல்லாம் 31-ஆம் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 1235 எழுதிப் பூட்டைத் திறந்து, 32-இல் சென்சார் வகையை எழுதுகிறாய். 32 இருப்பது பவர் போனாலும் அழியாத ஈஈப்ராமில். எழுத எழுதத் தேயும். முதலில் படி, ஒப்பிடு, வேறாக இருந்தால் மட்டும் எழுது. எழுதியதைத் திரும்பவும் படித்துப் பார். 1235 இல்லாமல் எழுதினால் டெர்மினல் சண்டைக்கு வராது, வாங்கிக்கொள்ளாமல் சும்மா இருந்துவிடும்.

இதை நான் யாரைப் பார்த்தாலும் புலம்புவேன். செட்டிங் புரோகிராமில் இருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். இருப்பது அந்த 12 மில்லிமீட்டர் பெட்டிக்குள். நடுராத்திரி டெர்மினல் போய்விட்டால் ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் ஸ்டோரிலிருந்து புதுசை எடுத்துச் செருகுவார். அது கே வகை என்ற ஃபேக்டரி செட்டிங்கோடு வரும். உன் உலையில் இருப்பது ‘என்’ (N) வகைத் தெர்மோகப்பிள். உலை 600-இல் இருக்கும்போது திரை சுமார் 500 காட்டும். கன்ட்ரோலர் இன்னும் சூடேற்றும். புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

துவாக்குடியில் நான் பேனல் கட்டிய காலத்தில் ட்ரிம்பாட்டைத் திருகி அளவைச் சரிசெய்துவிட்டு, அதன் தலையில் ஒரு சொட்டு நெயில்பாலிஷ் வைப்போம். வளையல் கடையில் நாலு ஆம்பளைகள் நின்று நெயில்பாலிஷ் கேட்டால் கடைக்காரம்மா என்ன நினைத்திருப்பாரோ. அது உடைந்திருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று டார்ச் அடித்தாலே தெரிந்துவிடும். ரெஜிஸ்டரில் அந்த வசதி இல்லை. அதனால் வேலை முடிந்ததும் 31-இல் சுழி எழுதிப் பூட்டு. பேனல் கதவின் உள்பக்கம் நாலு சேனலின் மதிப்புகளையும் தாளில் எழுதி ஒட்டு. உங்கள் ஊர்க் குடைவரையில் பல்லவர் காலத்துக் கல்வெட்டே இன்னும் இருக்கிறது. போன மாதம் எழுதிய உன் கமென்ட்டில் ‘ரெஜிஸ்டர் ரைட்’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த டைம்அவுட்! டெர்மினல் பதில் தராவிட்டால் புரோகிராம் தானே ரெஜிஸ்டர் பேச்சை முடித்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிற அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலை நரைத்தவர்கள் எழுதிய புரோகிராம்களிலும் இதை நான் பார்த்ததில்லை. என் அடுத்த பேனலில் அப்படியே எடுத்துப் போடப்போகிறேன், கேட்டதாக வைத்துக்கொள்.

திருத்தியதை அனுப்பு. பிடிஎஃப் வேண்டாம், புராஜெக்ட் ஃபைலாகவே அனுப்பு.