மார்கழி பிறக்கும் முன் பம்பை எடுத்துப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓயப்போகிறது. சுவரில் ஈரம் காயவில்லை, அதற்குள் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. டிசம்பர் நடுவில் மார்கழி, ஜனவரி நடுவில் போகி. ஆஸ்துமாக்காரர்களுக்கும், விடிந்தால் தும்மலோடு எழுபவர்களுக்கும், பீடியாலோ அடுப்புப் புகையாலோ நுரையீரல் அடைத்துப்போன பெரியவர்களுக்கும் வருடத்தில் மிகச் சிரமமான நாட்கள் இவை. "பனி ஒத்துக்கலை" என்று மார்கழி பாதியில் வந்து நிற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கார்த்திகையில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில், "அப்ப நல்லாத்தானே இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

ஆகவே முதல் வேலை மருந்துப் பெட்டியில். வீட்டில் இருக்கும் இன்ஹேலரை எடுத்து அதன் பெயரைப் படியுங்கள். சால்பூட்டமால் என்று மட்டும் இருந்தால் அது உடனடி நிவாரணப் பம்பு. பெரும்பாலும் நீல நிறம், ஆனால் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புடசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன் இவற்றில் ஒன்று தனியாகவோ, இன்னொன்றோடு சேர்ந்தோ இருந்தால் அது தடுப்பு பம்பு.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பூட்டமால் தசையை மட்டும் தளர்த்தும், அதுவும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு. வீக்கம் அப்படியே உள்ளே இருக்கும். அதனால்தான் 2019இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜினா, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நிவாரணப் பம்பை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று தன் பரிந்துரையை மாற்றியது. வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு பம்பில் உள்ள ஸ்டீராய்டு. அது இன்று இழுத்தால் இன்றே பலன் தராது. ஓரளவு தெரியவே சில நாட்கள் ஆகும், முழுப் பலனுக்கு வாரங்கள். மார்கழிக்கான மருந்தை இப்போதே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். நிறுத்தியிருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பியுங்கள். தடுப்பும் நிவாரணமும் சேர்ந்த ஒரே பம்பு போதுமா என்பதையும் கேளுங்கள். புடசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த பம்பைத் தடுப்புக்கும் திணறலுக்கும் ஒருசேரப் பயன்படுத்தும் முறை இன்று பரவலாகிவிட்டது.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வரும். "பம்பு வச்சா பழகிடுமாமே டாக்டர், பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்காத தாய்மார் குறைவு. பழகாது. ஒரு பஃப்பில் இருக்கும் புடசோனைடு 100 அல்லது 200 மைக்ரோகிராம். திணறல் முற்றியபின் விழுங்கக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையில் சிறியவற்றில் ஒன்றே 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு மருந்து, வீரியமும் வேறு, அதனால் எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் ஒன்று குழாய்க்குள் நேராகப் போகிறது, மற்றது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. பம்புக்குப் பயந்து மாத்திரையிலும் ஊசியிலும் காலம் தள்ளுகிறவர்கள்தான் அதிக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்கள். லேபிள் இல்லாத "ஆஸ்துமா பொடி" இரண்டே நாளில் அதிசயம் செய்தால் அதில் என்ன கலந்திருக்கும் என்று சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகளும் பம்பை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் பிராணவாயு குறையும்.

சரியான மருந்தைத் தப்பாக இழுப்பது அடுத்த தொல்லை. அழுத்தும் வகைப் பம்பாக இருந்தால் நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்த வேண்டும். இழுத்தபின் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி. கேப்ஸ்யூலைப் போட்டு இழுக்கும் பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். கருவிக்குள் மூச்சை ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று வருபவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், கடையில் யாரும் சொல்லித் தரவில்லை. எந்த வகையானாலும் ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும், தொண்டை கட்டும்.

குழந்தைகளுக்கும் கை நடுங்கும் முதியவர்களுக்கும், பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் குழல் கட்டாயம். மற்றவர்களுக்கும் நல்லதுதான், மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்குப் போவது கூடும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் உண்டாகி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடும் பழைய வித்தை இன்னும் நடக்கிறது. அது நம்பத்தக்கதில்லை. எண் காட்டும் பம்பு வாங்குங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை மார்க்கரால் எழுதி வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரதம் என்று பம்பை நிறுத்துகிறார்கள், விடியற்காலையிலும் மாலையிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள், பிறகு பம்பையிலிருந்து நீலிமலை ஏறுகிறார்கள். இன்ஹேலர் விரதத்தை முறிக்காது, சந்தேகமிருந்தால் குருசாமியிடமே கேளுங்கள். வெந்நீரில் குளியுங்கள். நிவாரணப் பம்பு இருமுடியின் அடியில் இருந்து பயனில்லை, சட்டைப்பையிலோ இடுப்புத் துண்டிலோ இருக்க வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிஜன் பார்லர்கள் இருக்கின்றன, அங்கே நின்று போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அடுத்து வீடு. ஒவ்வாமைக்காரர்களின் பரம எதிரி வெளியே பனியில் இல்லை, தலையணைக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. கடிக்காது. அதன் கழிவுதான் மூக்கையும் மூச்சுக்குழாயையும் கிளறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் பெருகும், மழை ஓயும் இந்த நாட்கள் அதற்கு அறுவடைக் காலம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை கை வைக்க முடியாத சூட்டில், சுமார் 60 டிகிரியில், அலசுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயில் அடிக்கும் நாளில் மாடியில் போடுங்கள், திருப்பிப் போட மறக்காதீர்கள். தட்டுகிற வேலையை மூச்சிரைப்பு இல்லாதவர் செய்யட்டும். பரணிலிருந்து எடுத்த கம்பளியை அப்படியே போர்த்திக்கொள்ளக் கூடாது, வருடம் முழுக்கச் சேர்ந்த தூசி அதில் இருக்கும். குழந்தையின் பஞ்சு பொம்மைகளும் துவைக்கும் கணக்கில் சேரும்.

பீரோவை ஒரு சாண் தள்ளிப் பின்சுவரைப் பாருங்கள். கறுப்புத் திட்டும் ஊசல் வாடையும் இருந்தால் பூஞ்சணம். ஒழுகலை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் தை முடிவதற்குள் திரும்ப வரும். பிளீச்சிங் கரைசலால் துடைக்கலாம், ஆனால் ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிளீச்சிங்கையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், நல்ல நுரையீரலையே அது பதம் பார்க்கும்.

பொங்கலுக்கு ஒட்டடை அடிப்பதும் வெள்ளையடிப்பதும் அம்மாவின் வேலை என்று எழுதாத சட்டம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. அம்மாவுக்கு இரைப்பு இருந்தால் இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டும். மூக்கில் முந்தானையைக் கட்டினால் நுண்தூசி நிற்காது, என்95 முகக்கவசம் வேண்டும். பெயின்ட் வாடை போகும் வரை நோயாளி வேறு அறையில் படுக்கட்டும்.

புகை விஷயத்தில் நாம் ரொம்பத் தாராளம். கொசுவர்த்திச் சுருளை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். சீனா, மலேசியாவில் விற்ற சுருள்களை எரித்து அளந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்றது. கொசுவலை கட்டுங்கள். தலைக்கு ஊற்றிய கைக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். தலை காயத் துண்டு போதும், அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்குப் புகை தேவையில்லை. பாட்டி கோபித்தால் டாக்டர் மேல் பழியைப் போடுங்கள், எங்களுக்குப் பழக்கம்தான். விறகடுப்பு இருக்கும் வீட்டில் மழை போனதும் அடுப்பைத் திறந்த வெளிக்கு நகர்த்துங்கள். பீடி, சிகரெட் தொடாத நம் பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதில் விறகுப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு.

புகையின் உச்சம் போகி. குளிர்ந்த விடியலில் தரையோரக் காற்று கனத்துக் கிடக்கும், அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். எரிப்பது எதுவானாலும் புகை மேலே போகாது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது இதனால்தான். விமானத்துக்கே அந்தக் கதி. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்பது எரிப்பவர்களுக்கான அறிவுரை. மூச்சு நோயாளிக்கு நான் சொல்வது வேறு: முந்தின இரவு தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள், வெயில் ஏறும் வரை ஜன்னலைத் திறக்காதீர்கள், அன்றைய நடைப்பயிற்சி வேண்டாம். மார்கழி முழுவதுமே நடையைக் காலை ஐந்திலிருந்து மாலைக்கு மாற்றினால் இன்னும் நல்லது. விடியலில் கோலம் போட்டே தீருவேன் என்பவர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடி, உள்ளே இழுக்கும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள். கல்மாவைவிட அரிசிமாவு மேல், அதுவும் ஈரமாவாக இருந்தால் பறக்காது.

மூக்கு ஒவ்வாமையை ஜலதோஷம் என்று ஒதுக்காதீர்கள். மூக்கு அடங்காமல் ஆஸ்துமா அடங்காது. தினமும் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கும் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், பிறகு அந்தச் சொட்டே அடைப்புக்குக் காரணமாகிவிடும். ஏவில் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம். காலி மனையில் மழைக்கு முளைத்த பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

ஆடாதொடைக் கஷாயம் குடிக்கலாமா என்று கேட்பார்கள். சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து, ஆடாதொடையில் உள்ள வாசிசினை அடியொற்றி உருவானதுதான். ஆகவே சளி கரையலாம், குழாயின் வீக்கம் போகாது. பம்போடு சேர்த்துக் குடியுங்கள், பம்புக்குப் பதிலாக வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்துகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், சில வலி மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள் சிலருக்குத் திணறலைக் கிளப்பும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு கூட அப்படிச் செய்யலாம், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஃப்ளூ தடுப்பூசி இந்த வருடம் போடவில்லை என்றால் இப்போதே போடுங்கள், பலன் வர இரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரம் தாண்டிய இருமலை ஒவ்வாமை என்று நீங்களே முடிவு கட்டாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். வயதானவருக்குப் புதிதாக இரைப்பு வந்து, கால் வீங்கி, மல்லாந்து படுக்க முடியவில்லை என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

திணறல் வந்துவிட்டால் முதலில் உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஆவி பிடிக்க வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள், கொதிநீர் கொட்டிக் குழந்தைகள் வெந்துபோன சம்பவங்கள் ஏராளம். சால்பூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு முறை கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. 20 நிமிடத்தில் தணியவில்லை என்றால் மறுபடி நான்கு கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தைக்கு விலா எலும்பிடுக்கு உள்வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 92க்குக் கீழே காட்டினாலோ 20 நிமிடம் காத்திருக்க வேண்டாம், உடனே 108. சத்தமாக இருந்த வீசிங் திடீரென்று அடங்கி ஆள் சோர்ந்து போனால் தேறிவிட்டதாக நினைக்காதீர்கள், காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். வண்டி வரும் வரையிலும் வழியிலும் பம்பைத் தொடரலாம். எடுக்கும் மருந்துகளை எல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.