ரோஜாவின் நிறம் எது?

‘பார்த்து எழுதுதல்’ என்ற சொல்லுக்கு மாணவர் உலகில் நல்ல பெயர் இல்லை. தேர்வு மண்டபத்தில் அது குற்றம். ஓவியக் கூடத்திலோ அதுவே முதற்பாடம். அறிவியல் மாணவர்க்கு இதில் வியப்பில்லை. முன்னோர் செய்து முடித்த சோதனையை நாமும் ஒருமுறை செய்து பார்த்த பின்னரே புதிய ஆய்வில் இறங்குகிறோம் அல்லவா?

எண்ணெய் வண்ண ஓவியம் பயில விரும்பிய நானும் அவ்வழியையே மேற்கொண்டேன். ஆய்வுக்கூடம் மூடிய பின் கிடைத்த மாலைப் பொழுதுகளில், விடுதி அறையில் நான் பார்த்து வரைந்தது, வின்சென்ட் வான்கோ 1890 மே மாதத்தில் தீட்டிய ‘ரோஜாக்கள்’. அது இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதன் படத்தை அக்கூடம் இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது. மனித முகத்தில் மூக்குச் சற்றே விலகினாலும் ஆளே மாறிவிடுவார். மலரில் ஓரிதழ் விலகினால் மலர் மலராகவே இருக்கும். ஆகவே, தொடங்குவோர் வண்ணத்தில் மனம் செலுத்த மலர்ச்சாடியே ஏற்றது.

முதலில் அளவு. மூல ஓவியம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கடையில் கிடைக்கும் 16க்கு 20 அங்குலக் கித்தான் ஏறக்குறைய அதே விகிதத்தில் அமையும். படத்தின் மீதும் கித்தானின் மீதும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டுக்கொண்டால், எது எங்கே என்பது தெளிவாகும்.

அடுத்து ஒளியும் நிழலும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தனித்தனிப் பூக்கள் மறைந்து, வெளிச்சத் திட்டும் இருள் திட்டுமே எஞ்சும். டர்பெண்டைனில் கரைத்த பழுப்பு வண்ணத்தால் அவற்றை மட்டும் முதலில் மெல்லப் பூசிவிட வேண்டும்.

மூன்றாவது அடுக்கு முறை. இங்கேதான் வேதியியல் நமக்குக் கை கொடுக்கிறது. டர்பெண்டைன் ஆவியாகிப் போகும். ஆளிவிதை எண்ணெய் அப்படி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகுகின்றன. மேலடுக்கு முதலில் இறுகி, கீழடுக்குப் பின்னர் இறுகினால் மேற்பரப்பு வெடிக்கும். ஆதலால் கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலடுக்குகளில் படிப்படியாக மிகுதியாகவும் இருக்க வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. வான்கோவே தாம் தங்கியிருந்த செயின்ட் ரெமி மருத்துவமனையை விட்டுப் புறப்பட்டபோது, அந்த மலர் ஓவியங்கள் உலரவில்லை. அவற்றை அங்கேயே விட்டுச் சென்றார். பின்னரே அவை அவரிடம் வந்து சேர்ந்தன.

விடுதித் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். ஆக்சிஜன் ஏற்கும்போது வெப்பம் எழும். குவியல் தானே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்துங்கள். டர்பெண்டைன் ஆவி சூழாமல் இருக்கச் சன்னலையும் திறந்து வையுங்கள்.

இனி, தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அந்த ஓவியத்தில் இன்று நாம் காண்பவை பெரும்பாலும் வெண்ணிற ரோஜாக்கள். ஆனால் வான்கோ தம் கடிதத்தில் அவற்றை இளஞ்சிவப்பு என்றே குறிப்பிட்டார். அவர் கையாண்ட சிவப்பு, இயோசின் சாயத்திலிருந்து ஆனது. ஒளி படப்பட அது வெளுத்துவிட்டது. அப்படியானால் பார்த்து வரைபவர் எதை வரைவது? இன்று கண்ணுக்குத் தெரியும் வெண்மையையா? அன்று ஓவியர் கருதிய செம்மையையா?

நான் இரண்டையும் வரைந்தேன். கித்தானில் இன்றைய வெண்மை. சிறு அட்டை ஒன்றில், எளிதில் வெளுக்காத குயினாக்ரிடோன் சிவப்பை வெள்ளையுடன் கலந்து மூன்று ரோஜாக்கள். இரண்டையும் அருகருகே வைத்ததும் உண்மை புலப்பட்டது. வெள்ளைப் பூக்களின் பின்னே அமைதியாகக் கிடந்த இளம்பச்சை, இளஞ்சிவப்பின் பின்னே ஒளிவிட்டு எழுந்தது. சிவப்பும் பச்சையும் எதிர் வண்ணங்கள். ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவன. அந்தப் பின்புலம் ஏன் பச்சையாயிற்று என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தச் சிறு அட்டையே எனக்கு நன்றாகக் கற்பித்தது.

வான்கோவும் இவ்வழியில் பயின்றவரே. மில்லே என்னும் ஓவியரின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து பார்த்து, வண்ணங்களைத் தாமே அமைத்து, 1889லும் 1890லும் பல ஓவியங்கள் தீட்டினார். ஒருவர் இயற்றிய கீர்த்தனையை இன்னொருவர் பாடுவது போன்றது அது. பாட்டு அவருடையது, குரல் இவருடையது.

ஆகவே தோழர்களே, பார்த்து வரையுங்கள். ஆனால் ஒவ்வொரு தீற்றலையும் ‘ஏன்?’ என்று கேட்டு வரையுங்கள். முடித்ததும் கித்தானின் பின்புறத்தில், யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதையும் உங்கள் பெயரையும் எழுதி வையுங்கள். கேள்வியின்றிப் பார்த்து எழுதுவது கைக்கு வேலை. கேட்டுக்கொண்டே பார்த்து வரைவது அறிவுக்குப் பயிற்சி.