துளையிடுமுன் கேட்கவேண்டிய இரு கேள்விகள்



ஓர் ஊரின் அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருப்பதாகத் தெரியவந்தால், இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த இடத்தில் துளையிடலாமா என்பது ஒன்று. துளையிட்டால் நீருக்கும் நிலத்துக்கும் மனிதருக்கும் என்ன நேரும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கூறுவது வலய விதி. இப்பகுதி குடியிருப்புக்கு, இது கமத்துக்கு, இது தொழிற்சாலைக்கு என்று உள்ளூராட்சி மன்றம் நிலத்தை வகுத்து வைக்கும் ஒழுங்கே அது. இரண்டாவதற்கு விடை தேடுவது சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் பலர். முதற் கேள்வியைக் கேட்கும் வாசல் வேறு, இரண்டாவதைக் கேட்கும் வாசல் வேறு. வாசல் மாறித் தட்டிய குடும்பங்களுக்கு விடை கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்குகிறது. அங்கே ட்ரைடன் என்றொரு சிறிய ஊர், கமங்களும் வீடுகளும் கலந்த இடம். அதன் அடியில் மிக ஆழத்தில் உள்ள மார்செலஸ் என்னும் களிப்பாறையில் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. பெருந்தொகை நீரையும் மணலையும் இரசாயனங்களையும் கடும் அமுக்கத்தில் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்தாலன்றி அது வெளிவராது. அமெரிக்காவில் காணிக்குக் கீழுள்ள கனிப்பொருள் பெரும்பாலும் காணிக்காரருக்கே சொந்தம். ஆகவே ஒரு கொம்பனி அவர்களிடமிருந்து 22,000 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எழுதி வாங்கிவிட்டது.

2011 ஆகஸ்டில் ட்ரைடன் மன்றம் தன் வலய விதியைத் திருத்தி, ஊரின் எல்லைக்குள் எண்ணெய், எரிவாயு எடுப்பதை முற்றாகத் தடைசெய்தது. கொம்பனி வழக்குத் தொடுத்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் அதிகாரம், ஊர் மன்றங்கள் அதில் தலையிட முடியாதென்று மாநிலச் சட்டம் கூறுகிறதே என்பது அதன் வாதம். வாதம் இலேசானதல்ல; சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 2014 ஜூன் 30ஆம் திகதி ஐந்து நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில் ஊருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கிணற்றை எப்படித் தோண்டுவது, குழாயை எப்படி அடைப்பது என்பவை மாநிலத்தின் பொறுப்பு. நிலத்தை எந்தப் பயனுக்கு விடுவது என்பது ஊரின் உரிமை. முன்னையதைப் பறித்த சட்டம் பின்னையதைப் பறிக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ‘எப்படி’ என்ற சொல்லுக்கும் ‘எங்கே’ என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஓர் ஊரையே காத்தது.

ஆனால் நட்டம் கொம்பனிக்கு மட்டுமல்ல. மிடில்ஃபீல்ட் என்ற வேறோர் ஊரின் தடைக்கு எதிராக வழக்காடியது, தன் காணியைக் குத்தகைக்கு விட்டிருந்த ஒரு கறவைமாட்டுப் பண்ணை. குத்தகைப் பணத்தை நம்பியிருந்த கமக்காரரையும் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நீதியன்று.

இரண்டாவது கேள்விக்கு விடைகாண மாநில அரசு 2008இல் தொடங்கிய மதிப்பீடு ஏழு ஆண்டுகள் நீடித்தது. நகல் அறிக்கைகள் வெளியாகின, மக்கள் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள், சுகாதாரத் திணைக்களமும் ஆராய்ந்தது. முடிவில் 2015 ஜூன் 29ஆம் திகதி அந்தப் பாறை வெடிப்பு முறை மாநிலம் முழுவதிலும் தடைசெய்யப்பட்டது.

எங்கும் இப்படி முடிவதில்லை. ரெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகர மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து இதே முறைக்குத் தடை விதித்தார்கள். அடுத்த மே மாதமே மாநிலச் சட்டமன்றம் அத்தகைய உள்ளூர்த் தடைகளைச் செல்லாதவையாக்க, நகர மன்றம் தன் தடையைத் தானே நீக்கவேண்டியதாயிற்று. மேலே உள்ளவர் விட்டுக்கொடுத்த அளவுக்கே கீழே உள்ளவருக்கு அதிகாரம்.

நியூயோர்க்கின் இறுதி முடிவுக்குப் பதினொரு நாட்களுக்கு முன்னர்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடல் வெளியாயிற்று. அதன் 183ஆம் பத்தியைக் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். திட்டத்தை வரைந்து முடித்த பின்னர் மதிப்பீட்டை ஒட்டவைக்கக் கூடாது, அது தொடக்கத்திலிருந்தே உடன்வர வேண்டும், உள்ளூர் மக்களுக்கு அதில் தனியிடம் உண்டு என்று அங்கே கற்பிக்கப்படுகிறது. ட்ரைடனில் குத்தகை முந்தியது, கேள்வி பிந்தியது. வழக்கு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணமென்றே எண்ணத் தோன்றுகிறது.

நமக்கும் இது தூரத்துச் சங்கதியல்ல. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் கடலடியில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே நிலத்தடிப் பெற்றோலியம் அரசின் உடைமை. எனவே ட்ரைடனின் வழி அப்படியே நமக்குப் பொருந்தாது. நமக்குள்ள வாசல் பெரும்பாலும் இரண்டாவதுதான். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்யப்பட்ட திருத்தம், சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கோரப்படும் திட்டங்களுக்கு ஒரு முறையை வகுத்தது. அறிக்கையை எங்கே பார்வையிடலாமென்று வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.

அறிக்கை கையில் கிடைத்தால், முதலில் மாற்று வழிகள் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கெடுதி குறைந்த வேறு வழி உண்டா என்று உண்மையில் ஆராய்ந்திருக்கிறார்களா, பெயருக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்து, கழிவுநீர் எங்கே போகிறது, வேலை முடிந்து கைவிடப்படும் கிணற்றை யார் மூடுவது, அதற்கான பணம் யாருடையது என்று பாருங்கள். கருத்து எழுதும்போது “எங்களுக்கு இது வேண்டாம்” என்ற ஒரு வரி போதாது. எந்த மாதத்தில் எந்த மீன் எந்தப் பாட்டில் படுகிறது, வள்ளங்கள் எவ்வழியே போய்வருகின்றன, எத்தனை குடும்பங்கள் அதை நம்பியுள்ளன என்று திகதியும் தொகையுமாக எழுதுங்கள். கொழும்பில் அறிக்கை தயாரித்தவருக்கு அது தெரிந்திராது. பங்கிலுள்ள முதிய சம்மாட்டிமாருக்குத் தெரியும். அவர்கள் சொல்ல, படிக்கும் பிள்ளைகள் எழுதலாம்.