மாநகரப் போக்குவரத்தும் மாறிவரும் பருவநிலையும்

(இளங்கலைப் புவியியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

உடலுக்கு இரத்த ஓட்டம் எப்படியோ, அப்படியே ஒரு மாநகருக்குப் போக்குவரத்து. அது நின்றால் ஆலை ஓடாது, அங்காடி திறக்காது, கல்லூரி மணி அடித்தும் வகுப்பில் ஆள் இருக்காது. ஆனால் அந்த ஓட்டமே காற்றைக் கெடுத்து, பூமியின் வெப்பத்தையும் உயர்த்துமானால் என் செய்வது? எரிபொருளை எரிப்பதால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போக்குவரத்தினால் விளைவது. வங்கக் கடலோரத்தில் தாழ்ந்த சமவெளியில் அமைந்த சென்னை நகரம் 2015 டிசம்பரில் பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்டது. பூமி வெப்பமடைய அடையக் கடல் மட்டம் உயரும், பெருமழையின் வேகமும் கூடும் என்று அறிவியலார் கூறும்போது, நாம் அதைப் பிறர் வீட்டுச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

மேலை நாட்டு நகரங்கள் மக்களைக் காரிலிருந்து இறக்கிப் பேருந்தில் ஏற்றப் பாடுபடுகின்றன. நமது சிக்கல் வேறு. நம் மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நடந்தோ, மிதிவண்டியிலோ, பேருந்திலோ, ரயிலிலோ சென்றவர்கள்தாம். அவர்கள் அவற்றை விட்டுப் போய்விடாமல் காப்பதே நம் முதற் கடமை என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

ஒரு சிறு கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. ஆயினும் அது எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. இது எப்படி என்று வியக்க வேண்டுவதில்லை. பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிஜனுடன் கூடி 44 கிராம் கரியமில வாயு ஆகிறது. டீசலுக்கு இந்த அளவு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ.

இனிக் கணக்கிடுவோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியே சென்றால், ஒரு கிலோமீட்டருக்கு அவர் பங்கு சுமார் 150 கிராம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் இருசக்கர வாகனத்தில் தனியே செல்பவர் பங்கு சுமார் 50 கிராம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்து கிலோமீட்டருக்கு 675 கிராம் வெளியிடுகிறது. அதில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு 15 கிராம்தான்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே பேருந்தில் பத்துப் பேரே இருந்தால் ஆளுக்கு 67 கிராம் ஆகிவிடும். அப்போது இருசக்கர வாகனமே மேல் என்றாகிவிடும். ஆகவே பேருந்தின் பெருமை அதன் எந்திரத்தில் இல்லை; அதில் ஏறும் மக்களில் இருக்கிறது. நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் எரிபொருளே செலவிடுவதில்லை.

சென்னை கண்ட வழியும் விட்ட வழியும்

புகையில்லாப் போக்குவரத்து சென்னைக்குப் புதியதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் வண்டி ஓடியது இந்நகரில்தான், ஆண்டு 1895. அதை நடத்திய நிறுவனம் நொடித்ததால் 1953 ஏப்ரலில் அது நின்றது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பாதையை ஒட்டியே மாம்பலமும் சைதாப்பேட்டையும் குரோம்பேட்டையும் செழித்து வளர்ந்தன. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் கடைத்தெரு என்ற அமைப்பை யாரும் பருவநிலையை எண்ணி உண்டாக்கவில்லை. ஆயினும் அது பருவநிலைக்கு இசைந்த அமைப்பே.

1970-ஆம் ஆண்டளவில் இந்நகரின் பயணங்களில் பத்தில் நான்கு பேருந்தில் நடந்தன. ஐந்தில் ஒன்று மிதிவண்டியில். மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனங்களின் பங்கு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. 2008-இல் எடுத்த ஆய்வில் பேருந்தின் பங்கு கால் பங்காகச் சுருங்கிவிட்டது. இருசக்கர வாகனமும் கால் பங்கை எட்டிவிட்டது. மிதிவண்டி நூற்றில் ஆறாக இளைத்தது. எனினும் நடை, மிதிவண்டி, பேருந்து, ரயில் ஆகியவற்றைக் கூட்டினால் அப்போதும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறியது.

மக்கள் ஏன் பேருந்தை விட்டுப் போனார்கள்? ஆடம்பரத்துக்காக என்று சொல்வது எளிது, அது உண்மையன்று. நம் கல்லூரித் தோழர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்கி வருகிறவன் கையில் பஸ் பாஸ் இருக்கிறது. கால் வைக்க இடமில்லை. அவன் வேலைக்குப் போய் முதற் சம்பளம் வாங்கியதும் தவணையில் ஒரு வண்டி எடுக்கிறான். எவன் பூமிக்கு மிகக் குறைந்த தீங்கு செய்கிறானோ அவனைத்தான் நகரம் மிக அதிகமாக வதைக்கிறது. வதை தாங்காமல் அவன் மாறினால் குற்றம் அவனுடையது ஆகுமா?

பிற நாட்டு அனுபவங்கள்

பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரத்தில் கட்டடக் கலைஞரான ஜைமி லெர்னர் மேயராக இருந்தபோது, 1974-இல் சாலையின் நடுவே பேருந்துக்கென்றே தனித் தடம் ஒதுக்கப்பட்டது. சுரங்க ரயில் அமைக்கப் பணம் இல்லாத நகரம், பேருந்தையே ரயில் போல ஓட்டிக் காட்டியது. 1991 முதல் குழாய் வடிவ நிறுத்தங்களும் வந்தன. பயணிகள் முன்கூட்டியே கட்டணம் செலுத்தி, பேருந்தின் தளமட்டத்திலேயே நின்று, வண்டி வந்ததும் ஏறிவிடலாம்.

சிங்கப்பூர் 1975-இல் காலை வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நான்கு பேர் சேர்ந்து வந்த காருக்கு அப்போது விலக்கும் அளித்தது. பெருகும் வாகனங்களுக்கு ஈடாகச் சாலையைப் பெருக்க முடியாது என்பதை அச்சிறு தீவு முன்கூட்டியே உணர்ந்தது.

சீனத்தின் ஷென்ஜென் நகரம் 2017-இன் இறுதிக்குள் தன் பேருந்துகள் சுமார் 16,000-ஐயும் மின்சாரப் பேருந்துகளாக மாற்றிவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, நடைபாதை. பேருந்தில் செல்பவர் ஒவ்வொருவரும் முதலில் நடப்பவரே. நடைபாதையில் கடையும், மின்பெட்டியும், நிறுத்திய வண்டியும் இருந்தால் முதியவரும் குழந்தையைத் தூக்கிய தாயும் சாலையில் இறங்கத்தான் வேண்டும். 2019-இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை அமைத்தார்கள். அங்கு முடிந்தது பிற தெருக்களிலும் முடியும். கடைத்தெருவுக்கு மட்டுமன்றிக் குடிசைப் பகுதிக்கும் அது வேண்டும்.

இரண்டாவது, பேருந்துகளின் எண்ணிக்கையும் வேகமும். 2011 கணக்கெடுப்பிலேயே 85 லட்சத்தைத் தாண்டிய பெருநகர்ப் பகுதிக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகள் போதா. வண்டிகளைப் பெருக்குவதோடு, முக்கிய சாலைகளில் அவற்றுக்குத் தனித் தடமும் வேண்டும். அறுபது பேரைச் சுமந்த பேருந்து, ஒருவர் அமர்ந்த காரின் பின்னால் காத்து நிற்பது எந்த நியாயம்? சாலையில் வாகனங்களை எண்ணுவதை விட்டு மனிதர்களை எண்ணத் தொடங்கினால் இதற்கு விடை கிடைத்துவிடும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்றானது. கட்டணத் தடை நீங்கியது. காத்திருக்கும் நேரமும் நெரிசலும் குறைந்தால் அத்திட்டம் முழுப் பயன் தரும்.

மூன்றாவது, இணைப்பு. 2015-இல் தொடங்கிய மெட்ரோ ரயில் இன்று விம்கோ நகர் முதல் விமான நிலையம் வரை ஓடுகிறது. இரண்டாம் கட்டமாகச் சுமார் 118 கிலோமீட்டருக்குப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக ஆட்டோவுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியிருந்தால், சொந்த வண்டியே மேல் என்று தோன்றும். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு பெற 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ என்ற செயலி வந்தது நல்ல தொடக்கம். நிலைய வாயிலில் சிற்றுந்தும் காத்திருந்தால் இணைப்பு முழுமையாகும்.

நான்காவது, மின்சாரம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவை தெருவில் புகை கக்குவதில்லை. நுரையீரலுக்கு அது பெரும் நன்மை. ஆனால் மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கிறது. நம் நாட்டில் நிலக்கரியை நம்பியிருப்பதால் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ அளவு கரியமில வாயு அனல்மின் நிலையத்தில் வெளியாகிறது. கணக்கிட்டால் டீசல் பேருந்துக்கும் இதற்கும் இன்று பெரிய வேறுபாடு இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றும், தென்மாவட்டங்களின் வெயிலும் அந்தப் பேருந்தின் சக்கரத்தைச் சுழற்றும் நாளில்தான் அது முழுமையாகப் பருவநிலைக்கு இசைந்ததாகும். மின்சார ஸ்கூட்டர்களும் புகையைக் குறைக்கும். ஆனால் நெரிசலைக் குறைக்கமாட்டா.

ஐந்தாவது, பயணத்தின் நீளம். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆற்றோரங்களில் வாழ்ந்த ஏழை மக்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவான இடங்களில் குடியமர்த்தினார்கள். கூரை கிடைத்தது, வேலையோ பலருக்குப் பழைய இடத்திலேயே இருந்தது. முன்பு நடந்து போய் வீட்டு வேலை செய்த பெண் இருபது கிலோமீட்டர் பயணம் செய்ய நேர்ந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அருகில் எளியோருக்கு வீடு தருவதும் ஒரு போக்குவரத்துத் திட்டமே. மேற்கொள்ளத் தேவையில்லாத பயணத்தைவிடத் தூய்மையான பயணம் வேறில்லை.

முடிவுரை

மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீரும் என்று நெடுங்காலம் நம்பினோம். பாலம் எழுந்த இடத்தில் சில ஆண்டுகளில் வாகனங்களும் நிரம்பின. எந்திரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று இப்போது நம்புவதும் அதுபோன்றதே. பயணத்தைச் சுருக்குதல், பலர் கூடிச் செல்லுதல், அதன்பின் எரிபொருளை மாற்றுதல் என்ற வரிசை முறை மாறலாகாது.

பொருளியல் மாணவர் இதன் செலவை ஆராயலாம். வரலாற்று மாணவர் டிராம் மறைந்த கதையைத் தேடலாம். புவியியல் பயிலும் நாங்கள் நடைபாதையற்ற தெருக்களைப் படம் வரைந்து மாநகராட்சியிடம் தரலாம். படிக்கட்டில் தொங்கும் மாணவன் நாளை சம்பளம் வாங்கிய பின்னும், வேறு வழியில்லாமல் அன்றி விரும்பியே அதே பேருந்தில் உட்கார்ந்து போவானானால், அந்த நகரம் பருவநிலைக்கு இசைந்த நகரம் என்பது என் துணிபு.