சிஸ்டம் ஆன் ஆகல... அடுத்த பத்து நிமிஷம் உங்களுடையது

டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் சேர்ந்த முதல் வாரமே இந்த போன் வந்துவிடும். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆகல, மதியத்துக்குள்ள ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்." போய்ப் பார்த்தால், மானிட்டருக்குப் பின்னால் புத்தகம் சைஸில் ஒரு மினி பிசி. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்களோடு சேர்ந்த நான்கு பேரில் யாரை எல்2 டீமுக்கு எடுப்பது என்று கேட்கும்போது அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

1. முதலில் கேளுங்கள். "கடைசியா எப்ப ஓடுச்சு? நேத்து கரண்ட் போய் வந்துச்சா? டேபிளை நகர்த்தினீங்களா?" கேட்டுக்கொண்டே நம் லாக் கீயைத் தட்டுங்கள். கீபோர்டில் விளக்கு மாறி மாறி எரிந்தால் பிசி உயிரோடுதான் இருக்கிறது; மானிட்டர் கேபிளைப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இப்படி எதுவும் கேட்காமல் "போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். மேஜைக்கடியில் ஸ்பைக் பஸ்டர் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு என் பேச்சை அந்த டிபார்ட்மென்ட் நம்ப ஒரு வருஷம் ஆனது.

2. அடாப்டர். மினி பிசியில் எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். டெல் மைக்ரோவுக்கு 19.5 வோல்ட், லெனோவோ டைனிக்கு 20 வோல்ட். மல்டிமீட்டரை டிசி 200 ரேஞ்சில் வைத்து அளந்து, அடாப்டர் லேபிளோடு ஒப்பிடுங்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். லோடு ஏறியதும் படுத்துவிடும் அடாப்டர்களும் உண்டு. அடாப்டரில் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். தனியாக எரிந்து, பிசியில் செருகிய நொடியில் அணைகிறதா? அதே வோல்ட், அதே வாட்ஸ் உள்ள நல்ல அடாப்டரைப் போடுங்கள். அதுவும் அணைந்தால் பிசிக்குள் ஷார்ட். ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த அடாப்டர் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

3. எல்லா கேபிளையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி முயலுங்கள். ஓடினால் யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

4. வாரண்டி பார்த்துவிட்டு, கரண்டை எடுத்துவிட்டுத் திறங்கள். ரேமைக் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். சிஆர்2032 பேட்டரியை அளங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டும். பவர் பட்டன் விளக்கு மின்னினால் எண்ணுங்கள். அண்மைக்கால ஆப்டிபிளெக்ஸ் மாடல்களில் ஆம்பர் 2, வெள்ளை 3 என்றால் ரேம் தென்படவில்லை என்று பொருள். கொஞ்சம் பெரிய எஸ்எஃப்எஃப் கேபினட் என்றால் எஸ்எம்பிஎஸ் உள்ளேயே இருக்கும். அதை மட்டும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் சப்ளையில் உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் மிச்சமிருக்கும். முழுதாக மாற்றுங்கள்.

5. இவ்வளவுக்கும் அசையவில்லையா? மேனேஜருக்கு வேண்டியது ரிட்டர்ன். அதே மாடல் ஸ்பேர் பிசியில் எஸ்எஸ்டியை மாற்றிப் போட்டு அவர் வேலையை ஓடவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: பிட்லாக்கர் இருந்தால் புது போர்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். எஸ்எஸ்டியில் கை வைக்கும் முன்பே அட்மினிடம் அதை வாங்கிவிடுங்கள்.

கடைசியாக டிக்கெட். "செக் செய்தேன், ஓடவில்லை" என்று எழுதினால் வேலை செய்ததற்கே சாட்சி இல்லை. இப்படி எழுதுங்கள்: "அடாப்டர் 19.5 வோல்ட். மாற்று அடாப்டரும் செருகியதும் அணைகிறது. ரேம், எஸ்எஸ்டி இல்லாமலும் அதே நிலை. போர்டில் ஷார்ட் என்று சந்தேகம். யூசர் 11.40 முதல் ஸ்பேர் பிசியில்." அதை காப்பி எடுத்து உங்கள் அப்ரைசல் ஃபைலில் போட்டு வையுங்கள்.